பழைய வீட்டை விரிவாக்கும்போது செப்டிக் டேங்க்: முகத்துவாரக்குப்பம், எண்ணூர் பகுதிக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

மகனுக்கு நிக்காஹ் பேசி முடித்தாயிற்று, மேலே இரண்டு அறை எடுக்க வேண்டும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தாயிற்று, பழைய ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட வேண்டும். நம் குடும்பங்களில் வீட்டு வேலை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. கம்பி என்ன விலை, சிமெண்ட் எந்தக் கம்பெனி, டைல்ஸ் எங்கே வாங்குவது என்று வாரக்கணக்கில் பேசுவோம். செப்டிக் டேங்க்கைப் பற்றிக் கேட்டால், "பழசே இருக்கு, போதும்" என்று மேஸ்திரி சொல்வார். நாமும் தலையாட்டி விடுவோம். வீடு கட்டி முடித்து இரண்டு மழைக்காலம் போன பிறகுதான் அந்தப் பழசு போதாது என்பது தெரியவரும்.

வட சென்னையில், அதிலும் எண்ணூரின் முகத்துவாரக்குப்பம் போன்ற இடங்களில், இது மற்ற ஊர்களைவிடச் சிக்கலான விஷயம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் வாயில் அமைந்த ஊர் அது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆறு, காலுக்குக் கீழே மணல். சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். மழைக்காலத்தில் அது இன்னும் மேலே வரும். மேட்டு நிலத்தில் செம்மண் பூமியில் வேலை செய்கிற டேங்க் இங்கே அதே போல வேலை செய்யாது.

முதலில் தெருவைப் பாருங்கள்

டேங்க் கட்டுவதா வேண்டாமா என்பதை உங்கள் தெருவில் மெட்ரோ வாட்டரின் கழிவுநீர்க் குழாய் இருக்கிறதா என்பதுதான் முடிவு செய்யும். ராயபுரம், மண்ணடி, தண்டையார்பேட்டை ஆகியவை பழைய மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவை. பாதாளச் சாக்கடை அங்கே நீண்ட காலமாக இருக்கிறது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் தனி நகராட்சிகளாக இருந்து 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. இரண்டும் இப்போது முதல் மண்டலத்தில் வருகின்றன. இந்தப் பக்கம் ஒரு தெருவில் குழாய் இருக்கும், பக்கத்துக் குப்பத்தில் இருக்காது. ஆகவே அடுத்த தெருக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல், திருவொற்றியூர் பகுதி மெட்ரோ வாட்டர் அலுவலகத்தில் உங்கள் தெருவின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாய் இருந்தால் இணைப்பு வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் சட்டம். இணைப்புக் கட்டணத்தை மிச்சப்படுத்தப் பழைய டேங்க்கையே வைத்துக்கொள்வது லாபம் போலத் தோன்றும். டேங்க் கட்டும் செலவு, அது விழுங்கும் இடம், லாரிக் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு மாறிவிடும். இணைப்புக் கொடுக்கும்போது சில பிளம்பர்கள் பழைய டேங்க்கை நடுவில் விட்டு, அதன் வெளிவாயிலிருந்து குழாயை எடுத்துத் தெருவில் சேர்ப்பார்கள். அப்படிச் செய்தால் உங்களுக்கு டேங்க்கின் தொல்லையும் தீராது, இணைப்பின் பலனும் முழுதாகக் கிடைக்காது. கழிவறையிலிருந்து வரும் குழாய் நேராகத் தெருக் குழாய்க்கே போக வேண்டும்.

நம் வீட்டில் இருப்பது டேங்க்தானா?

குழாய் இல்லாத தெருவில், பழைய டேங்க்கை நம்பி மாடி எடுக்கும் முன் அதைத் திறந்து பார்ப்பது நல்லது. திறப்பது என்றால் மூடியை எடுத்து மேலிருந்து பார்ப்பது மட்டும்தான். யாரும் உள்ளே இறங்கக் கூடாது, தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவும் கூடாது. இந்தப் பகுதியின் பழைய வீடுகள் பலவற்றில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவது சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய குழிதான். அடியில் தளம் இருக்காது. கழிவு நேராக மணலில் இறங்கி, பக்கத்திலுள்ள நிலத்தடி நீரில் கலந்துவிடும். "எங்க வீட்டு டேங்க் இருபது வருஷமா நிரம்பினதே இல்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. நிரம்பாத டேங்க் என்றால் அது ஓட்டை டேங்க். போனதெல்லாம் மண்ணுக்குள் போயிருக்கிறது.

செப்டிக் டேங்க் என்பது அடியும் பக்கமும் நீர் கசியாமல் பூசப்பட்ட தொட்டி. கழிவு அதில் ஒரு நாளாவது தங்க வேண்டும். கனமானது அடியில் வண்டலாகப் படியும், எண்ணெய்ப் பிசுக்கும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறும். அந்த நீரும் சுத்தமானது கிடையாது. நோய்க்கிருமிகளில் பெரும்பகுதி அதில் அப்படியே இருக்கும். அதனால்தான் டேங்க்கிலிருந்து வெளிவரும் நீர் எங்கே போகிறது என்பதற்கும் தனி விதிகள் இருக்கின்றன.

அளவு

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2470 என்ற விதித்தொகுப்புதான் நாட்டில் செப்டிக் டேங்க்குக்கு அடிப்படை. அதன்படி எவ்வளவு சிறிய டேங்க்காக இருந்தாலும் அகலம் 75 சென்டிமீட்டருக்கும், நீரின் ஆழம் 1 மீட்டருக்கும், கொள்ளளவு 1,000 லிட்டருக்கும் குறையக் கூடாது. நீளம் அகலத்தைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு இருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை கழிவெடுப்பதாக வைத்துக்கொண்டால், 5 பேர் உள்ள வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம். 10 பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், அதே 1 மீட்டர் ஆழம். 20 பேர் என்றால் 2.3 மீட்டர், 1.1 மீட்டர், 1.3 மீட்டர். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் எடுப்போம் என்றால் 10 பேர் வீட்டில் ஆழம் 1.4 மீட்டராகக் கூட வேண்டும். இவையெல்லாம் நீர் நிற்கும் அளவுகள். அதற்கு மேலே காற்றுக்காக ஏறக்குறைய ஓர் அடி காலியாக விட வேண்டும்.

இதை நம் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாப்பா வீடு கட்டியபோது ஐந்து பேர். இப்போது கீழே பெற்றோரும் ஒரு மகன் குடும்பமும், மேலே இன்னொரு மகன் குடும்பமும் என்று பன்னிரண்டு பேர். நோன்பு மாதத்திலும் பெருநாளிலும் பிள்ளைகள் வந்து தங்கினால் இருபதைத் தொடும். டேங்க் மட்டும் ஐந்து பேருக்கானதாகவே இருக்கிறது. கழிவு தங்கிப் படிய நேரமில்லாமல், புதிதாக விழுந்தது அப்படியே மறுபக்கம் வெளியேறும். தலைக்கணக்கை இன்றைய நிலவரப்படி எடுக்காமல், மாடியும் நிரம்பிய பிறகு எத்தனை பேர் இருப்பார்கள் என்று எடுப்பதே சரி.

கொள்ளளவு 2,000 லிட்டரைத் தாண்டினால் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். கழிவு விழும் பக்கத்து அறை மூன்றில் இரண்டு பங்காகவும், அடுத்தது ஒரு பங்காகவும் இருக்கும். உள்வாயிலும் வெளிவாயிலும் டி வடிவக் குழாய் போட்டு அதன் கீழ்முனை நீருக்குள் இருக்கும்படி செய்ய வேண்டும். ஐம்பது ரூபாய் சாமான் என்று இதை விட்டுவிடுவார்கள். இது இல்லையென்றால் மேலே மிதக்கும் கசடு நேராக வெளிக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

காற்றுக் குழாய் கட்டடத்திலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால், கட்டடத்தின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் உயர வேண்டும் என்பது விதி. மாடி எடுக்கும்போது பலரும் மறப்பது இதைத்தான். ஒரு மாடி வீட்டுக்கு வைத்த பழைய குழாய் இப்போது புதுப் படுக்கையறையின் ஜன்னல் உயரத்தில் வாயைத் திறந்துகொண்டிருக்கும்.

ஊறும் தண்ணீர்

முகத்துவாரக்குப்பத்தில் டேங்க் கட்டுகிறவருக்கு உண்மையான சவால் இங்கேதான். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது காலி டேங்க் ஒரு படகைப் போல. 1,000 லிட்டர் ஃபைபர் டேங்க் ஒன்று நீரில் முழுவதும் மூழ்கினால் அதை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய ஒரு டன். அதன் சொந்த எடையால் அதைத் தாங்க முடியாது. அடியில் கான்கிரீட் தளம் போட்டு அதோடு கட்டி நிறுத்தாவிட்டால் ஒரு பெருமழையில் குழாய்களை முறித்துக்கொண்டு எழும்பிவிடும். செங்கல் டேங்க் எழும்பாது, ஆனால் அடித்தளம் விரிசல் விடும். எனவே அடித்தளத்தை வலுவான கம்பிக் கான்கிரீட்டாகவே போட வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாட்களில், அவசியமில்லாமல் டேங்க்கை முழுதும் உறிஞ்சிக் காலியாக விடவும் கூடாது. கழிவெடுத்தவுடன் தண்ணீர் நிரப்பிவிட வேண்டும். தோண்டும் வேலையைக் கோடையில் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

கலவைக்கு உப்பு போர் நீரைப் பயன்படுத்த வேண்டாம். கடற்காற்றும் உப்பும் வெளியிலிருந்து கம்பியை அரிக்கும், டேங்க்கில் உண்டாகும் வாயு உள்ளிருந்து மூடித்தளத்தை அரிக்கும். கம்பிக்குக் குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மறைப்பு இருக்கிறதா என்று தளம் போடும் அன்றே நின்று பாருங்கள். மேஸ்திரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

டேங்க்கிலிருந்து வெளிவரும் நீருக்கு ஊறுகுழி தோண்டுவது வழக்கம். ஆனால் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள், அதாவது ஆறடிக்குள், நிலத்தடி நீர் இருந்தால் ஊறுகுழி பொருந்தாது. குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டரும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. 600 சதுர அடி மனையில் 18 மீட்டருக்கு எங்கே போவது? நம் மனை மட்டுமல்ல, அடுத்த இரண்டு மூன்று வீடுகளும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். ஆகவே இந்தப் பகுதியில் ஊறுகுழியை மறந்துவிடுவதே சரி என்பது நம் கருத்து. டேங்க்கை அடுத்து ஜல்லி நிரப்பிய வடிகட்டி அறை ஒன்றை, நீர் கீழிருந்து மேலே ஏறி வரும்படி, கசியாத தொட்டியாகவே கட்டலாம். இடமே இல்லையென்றால் மூடிய டேங்க் வைத்து அடிக்கடி லாரி அழைப்பதுதான் வழி. அண்ணன் தம்பி வீடுகள் ஒட்டியிருந்தால் ஆளுக்கொரு சிறிய குழிக்குப் பதில் பொதுவாக ஒரு நல்ல டேங்க் கட்டலாம். அப்படிச் செய்தால் கழிவெடுக்கும் செலவு யாருடையது, பின்னால் விற்றால் உரிமை என்ன என்று பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மழைநீர் வடிகாலில் விடுவது மட்டும் கூடவே கூடாது. மாநகராட்சி அபராதம் விதிக்கும், இணைப்பையும் அடைக்கும். அபராதத்தை விடுங்கள். அந்த வடிகால் நிரம்பும் நாளில் தண்ணீர் திரும்பி நம் கழிவறைக்கே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஆற்று வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் முகத்துவாரம் வரை வந்து சேர்ந்ததை இந்தப் பகுதி மறந்திருக்காது. வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்று வீட்டுச் சுவரில் அடையாளம் இருக்கும். டேங்க் மூடியும் கழிவறைத் தரையும் அதற்கு மேலே இருக்கட்டும். சாலை போடும்தோறும் தெரு உயர்ந்துகொண்டே போகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கிணறும் ஒளுவும்

தண்ணீரின் நிறமோ மணமோ சுவையோ நஜீஸால் மாறிவிட்டால் அது ஒளுவுக்கும் குளிப்புக்கும் ஆகாது என்பது நாம் எல்லோரும் மதரஸாவில் படித்ததே. கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். முழக் கணக்கைவிட, நஜீஸின் அடையாளம் தண்ணீரில் தெரிகிறதா என்பதே அங்கே முக்கியம். மார்க்கச் சட்டப்படி சுத்தம் என்பது ஒன்று, குடிக்கத் தகுதி என்பது வேறொன்று. மூன்று அடையாளமும் மாறாத தெளிந்த நீரில்கூட டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருக்க முடியும். பக்கத்தில் பழைய உறைக் குழி இருக்கும் கிணற்று நீரை, பரிசோதனை செய்யாமல் குடிக்கவோ குழந்தைக்குப் பால் கலக்கவோ வேண்டாம். நம் டேங்க் கெடுப்பது நம் கிணற்றை மட்டும் இல்லை, அண்டை வீட்டார் கிணற்றையும்தான்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அந்தக் குழியையும் செப்டிக் டேங்க்கையும் இடத்தைச் சுருக்க ஒட்டி ஒட்டிப் போடுவதைப் பார்க்கிறோம். மனையின் எதிரெதிர் மூலைகளில் வையுங்கள்.

அனுமதி

பூசுவது, வெள்ளையடிப்பது, தரை மாற்றுவதற்கு அனுமதி தேவையில்லை. மாடி எடுக்கவும், இடித்துக் கட்டவும் தேவை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 இதற்குப் பொருந்தும். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ, தரையும் முதல் தளமுமோ கட்ட இணையத்திலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. சுயசான்று என்றால் பொறுப்பு நம்முடையது என்று பொருள். வரைபடத்தில் டேங்க்கின் இடத்தையும் அளவையும் காட்டிவிட்டு வேறிடத்தில் கட்டினால் கேள்வி நம்மிடம்தான் வரும்.

கடலோரம் என்பதால் இன்னொன்றும் உண்டு. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டரை மண்டலத்துக்குள் வைத்தது. அலை ஏறி இறங்கும் ஆற்றங்கரையையும் அது விடவில்லை. 2019இல் வந்த புதிய அறிவிக்கையிலும் கடலோர 500 மீட்டர் தொடர்கிறது. முகத்துவாரக்குப்பம் போன்ற ஊரில் வீடு கட்டுவோர் இந்த மண்டலத்தைத் தவிர்க்க முடியாது. அனுமதியோடு கட்டிய பழைய வீட்டை அதே பயன்பாட்டுக்கு மறுபடி கட்டுவதற்கு நகர்ப்புறப் பகுதியில் வழி இருக்கிறது. ஆகவே பழைய வரி ரசீது, மின் இணைப்பு, பட்டா எல்லாவற்றையும் இடிக்கும் முன்பே எடுத்து வையுங்கள். சுத்திகரிக்காத கழிவைக் கடலிலோ ஆற்றிலோ விடுவது இந்த அறிவிக்கைகளின்படி தடை செய்யப்பட்டது. சுயசான்று அனுமதி இதற்கு விலக்கு ஆகாது.

உயிர்

2022 நவம்பரில் கரூர் சுக்காலியூரில் ஒரு வீட்டுக்குப் புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்க்கில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்கள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். மொத்தம் நான்கு உயிர்கள் போயின. அது யாரும் இன்னும் பயன்படுத்தாத டேங்க் என்பதைக் கவனியுங்கள். மூடித்தளம் போட்டு நாட்கணக்கில் அடைத்து வைத்த தொட்டியில், தேங்கிய நீரும் ஈரப் பலகையும் அழுகி, பிராணவாயு குறைந்து நச்சு வாயு சேரும். புது டேங்க் என்றால் ஆபத்தில்லை என்ற நினைப்புதான் கொல்கிறது. மூடிக்குச் சென்ட்ரிங் வைத்து வார்ப்பதற்குப் பதிலாக, வெளியே வார்த்த கான்கிரீட் பலகைகளை மேலே அடுக்கச் சொல்லுங்கள். யாரும் உள்ளே இறங்க வேண்டிய தேவையே வராது.

மூடியும் முக்கியம். 2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில், துருப்பிடித்த இரும்பு மூடி உடைந்து எல்.கே.ஜி. படித்த சிறுமி டேங்க்கில் விழுந்து இறந்தாள். எண்ணூர்க் காற்றில் இரும்புத் தகடு எத்தனை நாள் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். கான்கிரீட் மூடியே போடுங்கள்.

கழிவெடுக்க ஆளை இறக்குவது குற்றம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பவருக்கு முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். "அவராத்தான் இறங்கினாரு, நான் சொல்லலை" என்பது காப்பாற்றாது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. கழிவெடுக்க 14420 என்ற எண்ணில் அழைக்கலாம். தனியார் லாரி என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று கேட்பதும் நம் வேலைதான். உரிமமில்லாத லாரி இரவில் ஆற்றோரம் திறந்துவிட்டால், அது திரும்ப வருவது நம் கரைக்கே.

லாரிக் குழாய் எட்டுகிற மாதிரி டேங்க்கை வாசல் பக்கமாக வையுங்கள். இடம் போதவில்லை என்று டேங்க்குக்கு மேலேயே சமையலறையோ மாடிப்படியோ கட்டிவிடுகிறார்கள். பிறகு மூடியைத் திறக்கவும் முடியாது, விரிசல் வழியாக வாயு வீட்டுக்குள்ளும் வரும். பில்லர் குழியைப் பழைய டேங்க்கை ஒட்டித் தோண்டுவதும் ஆபத்து. மணல் சரிந்து டேங்க் சுவர் விழும்.

பழையதைக் கைவிடுவதென்றால் அப்படியே மூடி மேலே தரை போட்டுவிடாதீர்கள். முதலில் லாரி வைத்துக் கழிவை முழுதும் எடுக்க வேண்டும், சுண்ணாம்பு தூவ வேண்டும், மேல்தளத்தை வெளியிலிருந்தே உடைத்துத் திறக்க வேண்டும். அதன்பின் மணலை அடுக்கடுக்காக நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும். அது இருந்த இடத்தை வீட்டு வரைபடத்தில் குறித்து, ஒரு நகலைப் பத்திரத்தோடு வையுங்கள். பத்து வருடம் கழித்து மகன் இன்னொரு பில்லர் போடத் தோண்டும்போது அது அவருக்குத் தேவைப்படும்.